சிஸ்டம்ல ஏத்தியாச்சும்மா

தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், எந்தத் தனியார் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும்: "சிஸ்டம்ல ஏத்தியாச்சும்மா, நீங்க போலாம்." எதை ஏற்றினார்கள், எந்த சிஸ்டம், அதை யார் யார் திறந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்காது. கேட்டுக்கொண்டவரும் தலையாட்டிவிட்டு ஓபி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். அந்த 'சிஸ்டம்' எப்படிக் கட்டப்படுகிறது என்பது கொஞ்சம் தெரியும். அதில் ஏற்றப்படுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்: நோயாளியின் விவரத்தைப் பகிர்வதில் எனக்குப் பெரிய சண்டை கிடையாது. அவரிடம் சொல்லாமல் பகிர்வதில்தான் சண்டை. சொல்லாமல் பகிரும் மருத்துவமனையிடம் நோயாளி அடுத்த முறை முழுதாகப் பேச மாட்டார். சில சமயம் வரவே மாட்டார். அப்போது அந்த சிஸ்டத்தில் என்ன ஏறியிருந்தும் பிரயோஜனம் இல்லை.

முதலில், எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். பென்னாகரம் பக்கம் ஒரு பெண் கருவுற்றதும் பிக்மியில் பதிவு செய்கிறார்கள். 12 இலக்க ஆர்சிஎச் எண் ஒன்று வருகிறது. ஊரில் அதைப் 'பிக்மி நம்பர்' என்பார்கள். அது இல்லாமல் தமிழ்நாட்டில் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். ஆதார், வங்கிக் கணக்கு, போன் நம்பர், எத்தனையாவது பிரசவம், முந்தைய பிள்ளைகள், ரத்த அளவு எல்லாம் அதோடு சேர்ந்து போகும். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் அவர் பெயர் 'நிக்ஷய்' தளத்தில் ஏறும். சத்துணவுக்கான பணம் வங்கிக் கணக்குக்கு வரும். சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வந்து அளவெடுத்துப் பதிவு செய்வார். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியது, 2004 வரை நம் மாவட்டத்தோடு ஒன்றாக இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் என்றால், முன் அனுமதி கேட்டு மருத்துவமனை அனுப்பும் கோப்பில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து போகும். அதைத் திறந்து பார்ப்பவர் நோயாளி முகமே பார்த்திராத ஒருவர்.

இவை எல்லாம் நல்ல திட்டங்கள். மலைக் கிராமத்தில் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு, யாருக்குப் பிரசவ தேதி நெருங்குகிறது என்று நர்ஸம்மாவுக்குத் தெரிவதால் உயிர்கள் பிழைக்கின்றன. சித்தேரி மலையிலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கீழே கொண்டுவருவது என்ன பாடு என்று தெரிந்தவன் யாரும் 'டேட்டாவே எடுக்காதே' என்று சொல்ல மாட்டான். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாப் பதிவையும் வேவு என்று பேசும் நண்பர்களோடு எனக்கு ஒப்பு இல்லை. ஆனால் நல்ல திட்டம் என்பதே வாயை மூடிக்கொள்ளக் காரணமாகிவிடுகிறது. 'உங்க நல்லதுக்குத்தானேம்மா' என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

இதைச் சொன்னால் உடனே வரும் முதல் பதில்: "கிராமத்து சனத்துக்கு பிரைவசி எல்லாம் ஒரு விஷயமாங்க?" அதிகாரிகளும் சொல்வார்கள், என்னோடு வேலை பார்க்கிறவர்களும் சொல்வார்கள். இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை. உள்ளூரில் டாக்டர் இருக்கும்போதே சேலத்துக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறவர்கள் யார்? மனநோய்க்கும் காசநோய்க்கும் பால்வினை நோய்க்கும் மருந்து வாங்கி, அட்டைப்பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் பேப்பரில் மடித்துக்கொண்டு வருகிறவர்கள் யார்? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது, 'அந்த வீட்ல ஃபிட்ஸ் இருக்காம்' என்ற ஒற்றை வரி ஒரு சம்பந்தத்தையே உடைக்கும் என்று தெரிந்து, பிள்ளைக்கு வலிப்பு வந்ததையே வெளியே சொல்லாமல் விடுகிறவர்கள் யார்? அந்தரங்கம் என்ற சொல் அவர்கள் வாயில் வராமல் இருக்கலாம். அதன் விலையை நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெங்களூர் அபார்ட்மெண்டில் என் டேட்டா கசிந்தால் எனக்கு நாலு விளம்பரக் கால் கூடுதலாக வரும். ஊரில் கசிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை நிற்கும்.

அதுவும் நம் மாவட்டத்தில். பெண் சிசுக்கொலைக்குப் பெயர் வாங்கிய மண் இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம்; எனக்கும் உண்டு. ஆனால் அதன் அடிப்படை என்ன? தொட்டிலில் பிள்ளையைப் போடு, உன் பெயரைக் கேட்க மாட்டோம். பெயர் கேட்டால் அந்தத் தாய் வர மாட்டாள், வராவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று அரசாங்கத்துக்கே அன்றைக்குப் புரிந்திருந்தது. எந்தத் தகவலைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட முடிவு என்று ஒப்புக்கொண்ட திட்டம் அது. அதே மாவட்டத்தில் இன்றைக்குக் கர்ப்பிணியிடம் எல்லாவற்றையும் கேட்கிறோம். எங்கே போகிறது என்று மட்டும் சொல்வதில்லை. கருவில் இருப்பது பெண்ணா என்று திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொன்ன கும்பல்கள் அண்மைக் காலம்வரை இங்கே பிடிபட்டிருக்கின்றன. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய் மூன்றாவதாகக் கருவுற்றிருக்கிறாள் என்பது சுகாதாரத் துறைக்கு ஒரு வரிசை எண். அப்படிப்பட்ட புரோக்கருக்கு அது வாடிக்கையாளரின் விலாசம். மாமியாருக்கு அது ஒரு ஆயுதம். அந்த விவரத்தை யார் யார் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தத் தாய்க்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்?

இன்னும் கடினமான இடத்துக்கு வருகிறேன். குழந்தைத் திருமணம் நின்றபாடில்லாத மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. 17 வயதுப் பெண் கர்ப்பமாக மருத்துவமனைக்கு வந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவுப்படி தண்டனை. சட்டம் சரியா தப்பா என்பது வேறு விவாதம். என் கேள்வி: அந்தப் பெண்ணிடம் இதை யார், எப்போது சொல்கிறார்கள்? வயதைக் கேட்கும்போது சொல்வதில்லை. வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது, தான் டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு நிற்கவில்லை என்று. ஊர் முழுக்க அந்தச் செய்தி பரவும். அடுத்த பெண் மருத்துவமனைக்கு வருவாளா? வயதைக் கூட்டிச் சொல்வாள், அல்லது மெடிக்கலில் மாத்திரை வாங்கி வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளப் பார்ப்பாள். ரத்தப்போக்கு நிற்காதபோதுதான் ஆம்புலன்ஸ் வரும்.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு குறித்த வழக்கில் ஒரு வழியைச் சொன்னது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. அதாவது அந்தப் பெண் கேட்க வேண்டும். கேட்கலாம் என்று அவளிடம் யார் சொன்னது? மருத்துவமனைச் சுவர்களில் எத்தனையோ போர்டு பார்த்திருக்கிறேன், 'செல்போன் பேசாதீர்', 'எச்சில் துப்பாதீர்' உட்பட. இதைத் தமிழில் எழுதிய ஒரு போர்டைப் பார்த்ததில்லை. தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமை, தெரியாதவருக்கு இல்லாத உரிமைதான்.

'சொல்லிவிட்டுப் பகிர்' என்பது ஏதோ நடைமுறைக்கு ஒத்துவராத கனவு என்று நினைப்பவர்களுக்கு நம் சட்ட வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. தீர்ப்பில் அவர் பெயர் 'எக்ஸ்', மருத்துவமனை 'இசட்'. மருத்துவமனை நம் சென்னையில் இருப்பது. ரத்தம் கொடுக்கப் போனவருக்கு எச்ஐவி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அந்தத் தகவல் வெளியே போனது. நிச்சயித்த கல்யாணம் நின்றது. ஊரை விட்டே போக வேண்டிய நிலை. மணக்க இருந்த பெண்ணின் உயிருக்கான உரிமை பெரிது, அதனால் மருத்துவமனை செய்தது தப்பில்லை என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதுதான், அதில் வாதமில்லை. ஆனால் 2017-இல் வந்த எச்ஐவி தடுப்புச் சட்டம் ஒரு படி மேலே போனது. துணைக்குச் சொல்வதற்கு முன், முதலில் நோயாளிக்கே ஆலோசனை தர வேண்டும்; அவராகச் சொல்லும்படி எடுத்துச் சொல்ல வேண்டும்; அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தால், 'நாங்கள் சொல்லப் போகிறோம்' என்பதையும் அவரிடம் தெரிவித்த பிறகே சொல்லலாம். ஏறக்குறைய 20 வருஷத்தில் சட்டம் கற்றுக்கொண்டது இதைத்தான். பகிர்வது கட்டாயமாக இருக்கும் இடத்திலும் முதலில் உரியவரிடம் சொல்ல முடியும். எச்ஐவிக்கு முடிகிறது என்றால் காசநோய்க்கும் கர்ப்பத்துக்கும் ஏன் முடியாது?

இனி என் சொந்தத் தொழில்காரர்களிடம் வருகிறேன். "ஓடிபி வாங்குறோமே, அது சம்மதம்தானே?" என்பார்கள். ஓடிபி நிரூபிப்பது ஒன்றை மட்டும்தான்: அந்த போன் இப்போது யார் கையிலோ இருக்கிறது. நம் ஊரில் அந்த போன் யாருடையது? பாதி நேரம் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது, அல்லது புருஷனுடையது. கவுண்டரில் நிற்கும் அம்மா, "தம்பி, ஒரு நம்பரு வந்திருக்காம், சொல்லு" என்று போன் போட்டுக் கேட்பார். அவன் சொல்வான். சம்மதித்தது யார்? அதற்குப் பிறகு அவளுடைய பரிசோதனைச் செய்தி, அடுத்த தேதி, எந்த டிபார்ட்மெண்ட் என்பதெல்லாம் அந்த போனுக்கே போகும். தன் கர்ப்பத்தை இரண்டு வாரம் தன்னோடு வைத்துக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு வாரம் கிடைக்காது. 'இது யாரு நம்பரும்மா, மெசேஜ் இதுக்கு வந்தா பரவால்லையா?' என்ற ஒரு கேள்வியைத் திரையில் வைக்க எங்களுக்கு அரை நாள் வேலை.

தடுப்பூசி காலத்தை மறந்துவிட்டோம். 2021-இல் ஆதார் காட்டி ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு, சான்றிதழில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, தங்கள் பெயரில் ஒரு டிஜிட்டல் ஹெல்த் ஐடி உருவாகியிருக்கிறது என்று. அந்த ஐடி விருப்பம் இருந்தால் மட்டும்தான் என்று அரசே எழுதி வைத்திருந்தது. விருப்பத்தைக் கேட்ட ஆள் மட்டும் இல்லை. 2023 ஜூனில், போன் நம்பரைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டவரின் அடையாள அட்டை எண்வரை கொட்டிய டெலிகிராம் பாட் ஒன்று வந்தது. கோவின் தளத்தின் பாதுகாப்பு உடைந்தது என்ற செய்தி ஆதாரமற்றது என்று சுகாதார அமைச்சகம் சொன்னது. இருக்கட்டும். ஆனால் விவரம் அதில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு 'உங்களுடையது இருந்திருக்கலாம்' என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது? எனக்கு வரவில்லை.

தனியார் பக்கம் இதைவிட மோசம். என் அக்கா மூன்றாம் மாதம் ஒரு ஸ்கேன் எடுத்தாள். வீட்டில் என் அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, மூன்று மாதம் முடியட்டும் என்று. நாலாவது நாள் தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கச் சொல்லி ஒரு பெண்குரல் போனில் 'கங்கிராட்ஸ் மேடம்' என்றது. அந்த வாழ்த்துதான் அவளுக்கு முதலில் வந்த வாழ்த்து. எங்கிருந்து போனது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. பெயர், போன் நம்பர், எத்தனை வாரம் என்பது ஸ்கேன் எடுத்த இடத்தில் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

'அதான் சட்டம் வந்துருச்சே' என்பீர்கள். வந்திருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். சம்மதம் கேட்குமுன் அறிவிப்பு தர வேண்டும், அதைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அரசு தரும் மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்குச் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாள வழிவிடுகிறது. காசு கொடுத்துத் தனியாரிடம் போகிறவருக்கு முழு அறிவிப்பு. அரசுத் திட்டத்தை நம்பியிருப்பவருக்கு, விதிகளின் இரண்டாம் அட்டவணை சொல்லும் ஒரு 'தெரியப்படுத்தல்', அதோடு தொடர்பு விவரமும் ஒரு லிங்க்கும். சொந்த போன் இல்லாத பெண்ணுக்கு லிங்க்! யாருடைய விவரம் அரசிடம் அதிகம் குவிகிறதோ, அவருக்குச் சொல்லும் கடமை குறைவு. தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

காகிதமும் லிங்க்கும் போதாது என்பதற்கு வெளிநாட்டு அனுபவமே இருக்கிறது. இங்கிலாந்தில் நோயாளிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் 'கேர்.டேட்டா' திட்டத்துக்காக 2014 தொடக்கத்தில் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் அனுப்பினார்கள். பீட்சா விளம்பரங்களோடு சேர்ந்து குப்பைக்குப் போனது. பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. எதிர்ப்பு கிளம்பி, 2016-இல் திட்டமே கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 2003 முதல் மருத்துவமனைகள் அந்தரங்க அறிவிப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகின்றன. பக்கம் பக்கமாக இருக்கும் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவரைத் தேட வேண்டும். அச்சடித்துக் கொடுப்பதும் சொல்வதும் ஒன்றல்ல. வாயால் சொல்ல வேண்டும்.

"கூட்டத்துல எங்கங்க நேரம்?" என்பது கடைசி வாதம். நர்ஸ்களின் வேலைச்சுமை எனக்குத் தெரியாததில்லை. அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் ஊசி போடும்முன் 'கொஞ்சம் சுருக்குனு இருக்கும்மா' என்று சொல்லாத நர்ஸை நான் பார்த்ததில்லை. யாரும் அதற்கு அரசாணை போடவில்லை. உடம்பில் ஒன்று நுழையும்முன் சொல்வது மரியாதை என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. உடம்பைப் பற்றிய ஒன்று வெளியே போகும்முன் சொல்வதும் அப்படிப் பழக வேண்டும். இவ்வளவுதான்:

"அம்மா, உங்க பேரு, நம்பரு, இந்த டெஸ்ட் ரிசல்ட்டு எழுதிக்கிறோம். இது நம்ம ஆஸ்பத்திரிக்கும், மாவட்ட ஆபீசுக்கும், சென்னைக்கும் போகும். பணம் வர்றதுக்காக பேங்க் விவரம் போகும். உங்க வீட்டுக்காரருக்கோ, வேற யாருக்குமோ நாங்க சொல்ல மாட்டோம். இதுல எது கட்டாயம், எது உங்க இஷ்டம்னு இந்தச் சீட்டுல இருக்கு. இஷ்டம்னு இருக்குறத வேணாம்னாலும் வைத்தியம் நிக்காது."

படித்துப் பாருங்கள், அரை நிமிஷம் ஆகாது. கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம். அவை உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்ல முடியும் என்பதால், சொல்லவைப்பதே துறையைத் திருத்தும். 'வேற யாருக்கும் சொல்ல மாட்டோம்' என்று தினம் நூறு முறை சொல்கிற இடத்தில், ரிப்போர்ட்டை வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழக் கத்திப் படிப்பது கூச்சமாகிவிடும்.

இரண்டாவதாக ஒன்று, எங்கள் தொழிலிலிருந்து. ஒழுங்காகக் கட்டிய எந்த மென்பொருளிலும் யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்று எழுதும் லாக் இருக்கும். இல்லையென்றால் அது நோயாளி விவரம் வைக்கத் தகுதியில்லாத மென்பொருள். அந்த லாகை அதிகாரி பார்க்கலாம், ஆடிட்டர் பார்க்கலாம். உரியவர் மட்டும் பார்க்க முடியாது. அதை நோயாளிக்குத் திறந்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது ஓபி சீட்டின் பின்பக்கம் தமிழில் நாலு வரி அச்சாகட்டும்: உங்கள் விவரத்தை இந்தத் தேதியில் இன்ன அலுவலகம் பார்த்தது, இன்ன காப்பீட்டு நிறுவனம் பார்த்தது. உள்நோயாளியின் பதிவேட்டை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. பதிவையே கேட்க உரிமை இருக்கும்போது, அதைப் பார்த்தவர் பட்டியலைக் கேட்பதில் என்ன அதிசயம்?

அவ்வப்போது ஒரு தேவையற்ற பெயர் அந்தப் பட்டியலில் வரும். அந்த அம்மா, "இது யாருங்க, இவுங்க எதுக்கு என்னோடத பாத்தாங்க?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியிருக்கும். சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் இத்தனை நாளாக 'சிஸ்டம்ல ஏத்தியாச்சும்மா' என்று முடித்துக்கொண்டிருக்கிறோம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஓபி கவுண்டரில் தொடங்கலாம். புதுச் சட்டம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஒரு சுற்றறிக்கையும் பிரின்டரில் நாலு வரியும் போதும்.